மணிக்கு இவ்வளவு என்று மட்டும் எழுதினால் போதாது

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலிருந்தபடியே இணையத்தில் ஆங்கிலம் கற்றுக்கொடுத்துச் சம்பாதிப்பது பற்றி உங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். அந்த வேலையைச் செய்துதான் என் குடும்பம் நடக்கிறது. பள்ளி வேலையை விட்டு இதற்கு வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. கட்டுரையில் பெரிய தவறு என்று எதுவும் இல்லை. ஆனால் மணிக்கு இத்தனை டாலர் என்ற ஒரே கணக்கோடு அது நின்றுவிட்டது. அந்தக் கணக்கை நம்பி, இருக்கிற வேலையை விட்டுவிட்டு இறங்குகிறவர்கள் உண்டு. சில மாதம் கழித்து அவர்களே என்னைப் போன்றவர்களிடம் வந்து, "நாள் பூரா உட்கார்ந்திருக்கிறேன், கையில் ஒன்றும் நிற்கவில்லையே" என்று கேட்கிறார்கள். கேட்டுக் கேட்டுப் பொறுக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

மணிக்கு என்று சொல்லும் தொகை வகுப்பு நடக்கும் நேரத்துக்கு மட்டும்தான். ஆசிரியரையும் மாணவரையும் சேர்த்துவைக்கும் பிரெப்லி என்ற இணையதளத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே ஆசிரியர் தன் கட்டணத்தைத் தானே முடிவுசெய்யலாம். ஆனால் புதிதாக வரும் ஒவ்வொரு மாணவரின் முதல் வகுப்பும் சோதனை வகுப்பு. அதற்கு மாணவர் கட்டும் பணம் முழுக்கத் தளத்துக்கே போகும், நமக்கு ஒரு காசு வராது. அதற்குப் பிந்தைய வகுப்புகளிலும் முதல் 20 மணிநேரம் வரை 33 விழுக்காடு கழிவு. வகுப்பு கூடக்கூட இது படிப்படியாக இறங்கி, 400 மணிநேரத்தைத் தாண்டியபின் 18 விழுக்காட்டில் நிற்கும்.

புதிதாகச் சேரும் ஒருவர் மணிக்கு 10 டாலர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் 20 மணிநேர வகுப்புக்கு 200 டாலர் வரும். அதில் 66 தளத்துக்குப் போய், மீதி 134. அந்த 20 மணிநேரத்தைப் பிடிப்பதற்கு 5 மணிநேரமாவது சோதனை வகுப்பு எடுத்திருப்பார். பாடம் தயார்செய்ய, மாணவர் எழுதி அனுப்பியதைத் திருத்த, செய்திகளுக்குப் பதில் போட என்று இன்னொரு 10 மணிநேரம் சுலபமாகப் போயிருக்கும். ஆக மொத்தம் 35 மணிநேர உழைப்புக்கு 134 டாலர். மணிக்கு நாலு டாலர்கூடத் தேறவில்லை. அப்புறம் பணத்தை எடுக்க ஒரு கட்டணம், நாணயம் மாற்றுவதில் ஒரு கழிவு. கேம்பிளி மாதிரியான தளங்களில் பாடத் தயாரிப்பு அவ்வளவாகக் கிடையாது, பேசிக்கொண்டிருந்தால் போதும். நிமிடத்துக்கு 17 சென்ட், அதாவது மணிக்கு 10.20 டாலர் என்பது அங்கே நெடுநாள் இருந்த விகிதம். ஆனால் அதுவும் பேசும் நிமிடத்துக்குத்தான். யாராவது அழைப்பார்களா என்று திரையைப் பார்த்தபடி காத்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதிக்குக் கணக்கே இல்லை.

வகுப்புக்கு வெளியே அப்படி என்ன வேலை இருந்துவிடப் போகிறது என்று பலர் கேட்கிறார்கள். ஒன்றைச் சொல்கிறேன்.

நான் பெரும்பாலும் மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்குச் சொல்லித்தருகிறேன். செவிலியர்களும் மருத்துவர்களும் வெளிநாட்டில் பதிவுசெய்துகொள்ள எழுதும் ஓ.இ.டி. தேர்வில் எழுத்துப் பகுதிக்கு 45 நிமிடம். முதல் 5 நிமிடம் நோயாளியின் குறிப்புகளைப் படிக்க மட்டும், பேனாவைத் தொடக்கூடாது. மீதி 40 நிமிடத்தில் அந்தக் குறிப்புகளிலிருந்து 180 முதல் 200 சொற்களில் ஒரு கடிதம் எழுத வேண்டும். வார்டில் நீண்ட அனுபவம் உள்ள ஒரு செவிலியர் என்னிடம் வந்தார். இலக்கணத்தில் குறை சொல்ல இடமில்லை. ஆனாலும் எழுத்துப் பகுதியில் அவருக்கு மதிப்பெண் ஏறவே இல்லை. கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். குறிப்பில் இருந்த அத்தனையும் கடிதத்தில் இருந்தது.

வீட்டுக்கு அனுப்பப்படும் ஒரு நோயாளியைப் பற்றி, அவரை வீட்டில் வந்து பார்க்கப்போகும் செவிலியருக்கு எழுத வேண்டிய கடிதம் அது. "இதைப் படிக்கிறவர் நாளைக் காலையில் நோயாளி வீட்டுக்குப் போய் என்ன செய்வார்?" என்று கேட்டேன். "கால் புண்ணுக்குக் கட்டு மாற்றுவார், சர்க்கரை அளவு பார்ப்பார், மருந்து ஒழுங்காகப் போகிறதா என்று கேட்பார்" என்றார். "சரி, அந்த வேலைக்கு உதவாத வரிகளையெல்லாம் அடியுங்கள்" என்றேன். திரையில் ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டே வந்தார். பெற்றோருக்கு இருந்த நோய்கள் போயின. பழைய எலும்பு முறிவு போயிற்று. கண் அறுவை சிகிச்சை பற்றிய வரியையும் அடித்தார். ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு அதைத் திரும்பச் சேர்த்தார். "இவர் தனியாக இருக்கிறவர், இன்சுலினைத் தானே போட்டுக்கொள்கிறார். பார்வை எப்படி இருக்கிறது என்று போகிறவருக்குத் தெரிந்தாக வேண்டும்" என்றார். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அவ்வளவு தயாரிப்பும். மருத்துவம் அவருக்குத் தெரியும். படிக்கிறவர் பக்கமிருந்து கடிதத்தைப் பார்க்கிற பழக்கம்தான் தேவைப்பட்டது.

அந்த வகுப்பு ஒரு மணிநேரம். அதற்காக வீடு திரும்பும் நோயாளிகள் பற்றிய கடிதங்களைத் தேடிப் படித்தது, அவருக்கென்று தனியாக நோயாளிக் குறிப்புகளை எழுதித் தயார்செய்தது, அவருடைய பழைய கடிதங்களை வரி வரியாகப் பார்த்தது எல்லாம் வகுப்புக்கு முந்தைய இரவுகளில். அந்த நேரத்தை எந்தத் தளமும் எண்ணுவதில்லை. ஆனால் அவர் பல மாதம் என்னிடமே தொடர்ந்ததற்கும், தேர்வு முடிந்தபின் தன்னோடு வேலைபார்ப்பவர்களை அனுப்பிவைத்ததற்கும் அந்த இரவுகள்தான் காரணம். இந்தத் தொழிலில் சோறு போடுவது திரும்பி வருகிற மாணவர்தான். ஒரு வகுப்போடு போகிற மாணவர்களை வைத்துக்கொண்டு யாரும் பிழைக்க முடியாது.

நேரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உங்கள் கட்டுரையில் 'விருப்பமான நேரத்தில் வேலை செய்யலாம்' என்று இருந்தது. நமக்கு விருப்பமான நேரத்தில் மாணவர் வருவதில்லை. வேலைக்குப் போகிறவர்கள் அலுவலகத்துக்கு முன்னால் அல்லது பின்னால்தான் படிக்க வருவார்கள். டோக்கியோவுக்கும் சாவ் பாலோவுக்கும் சரியாக 12 மணிநேர வித்தியாசம். டோக்கியோவில் ஒருவர் வேலை முடிந்து இரவு 8 மணிக்கு வந்து உட்காரும்போது, சாவ் பாலோவில் ஒருவர் காலை 8 மணிக்கு வேலைக்குக் கிளம்புமுன் படிக்க நினைப்பார். இருவருக்கும் அந்த ஒரே மணிநேரம்தான் வேண்டும். ஆக எல்லோரும் கேட்கும் நேரத்தில் கூட்டம் நெருக்கும், நடுவில் மணிக்கணக்காக வெறுமையாகக் கிடக்கும். அந்த வெறுமையில் வேறு வேலைக்கும் போக முடியாது, நிம்மதியாகத் தூங்கவும் முடியாது. கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன்னே நகர்த்தும் நாடுகளால் இன்னொரு தொல்லை. அமெரிக்காவில் மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிறு மாற்றுகிறார்கள், ஐரோப்பாவில் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட இரண்டு மூன்று வாரம் நியூயார்க் மாணவரின் வகுப்பு ஒரு மணிநேரம் முன்னால் நகர்ந்துவிடும், லண்டன் மாணவரின் வகுப்பு நகராது. முன்கூட்டியே குறித்துவைத்துச் சொல்லாவிட்டால் இருவரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அடுத்து, ஒரே தளத்தை நம்பி இருப்பது. இதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. எனக்கு வருத்தம் தந்தது இதுதான். 2021 ஜூலையில் சீன அரசு, பள்ளிப் பிள்ளைகளின் வீட்டுப்பாடச் சுமையையும் டியூஷன் சுமையையும் குறைப்பதற்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டது. பள்ளிப் பாடங்களுக்கு லாப நோக்கில் டியூஷன் நடத்தக்கூடாது, வெளிநாட்டில் இருக்கும் ஆசிரியர்களை வைத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கக்கூடாது என்று வந்தது. 2013 இல் தொடங்கி, வட அமெரிக்காவில் பல்லாயிரம் ஆசிரியர்களை வைத்திருந்த விப்கிட் என்ற சீன நிறுவனம் அடுத்த மாதமே அவர்கள் எடுக்கும் வகுப்புகளைச் சீனப் பிள்ளைகளுக்குப் புதிதாக விற்பதை நிறுத்தியது. டிக்டாக்கை நடத்தும் பைட்டான்ஸ் நிறுவனத்தின் கோகோகிட் என்ற தளம் மூடப்பட்டது. அந்த ஆசிரியர்கள் யாரும் தப்புச் செய்யவில்லை. நன்றாகப் பாடம் எடுத்தவர்கள், பிள்ளைகளின் பிறந்தநாள் வரை நினைவில் வைத்திருந்தவர்கள். பிள்ளைகளின் பெற்றோரிடம் நேரடித் தொடர்பு இல்லாததால் விடைசொல்லக்கூட முடியாமல் போனவர்கள் அவர்களில் உண்டு.

அவ்வளவு பெரிதாக எதுவும் நடக்க வேண்டும் என்றுகூட இல்லை. நான் முன்பு வகுப்பெடுத்த ஒரு தளம், ஆசிரியர்களின் பட்டியலை வரிசைப்படுத்தும் முறையை ஒருநாள் மாற்றியது. முதல் பக்கத்தில் இருந்த என் பெயர் எங்கோ பின்னால் போய்விட்டது. ஏன் என்று எழுதிக் கேட்டால், எல்லோருக்கும் போகும் ஒரே பதில் எனக்கும் வந்தது. என் கற்பிக்கும் முறை முந்தின நாள் இருந்தது போலத்தான் இருந்தது, ஆனால் புது மாணவர்கள் வருவது நின்றுபோனது. அந்த மாதங்களைத் தாண்ட முடிந்ததற்கு, எந்தத் தளத்துக்கும் சம்பந்தமில்லாமல் சொல்லக்கேட்டு நேரடியாக வந்த சில செவிலியர்கள்தான் காரணம். தளத்தில் கிடைத்த மாணவரை வெளியே இழுப்பதை நான் சொல்லவில்லை. அது ஒப்பந்தத்துக்கு மாறானது, நான் செய்வதும் இல்லை. தளத்துக்கு வெளியே நமக்கென்று ஒரு வழி இருக்க வேண்டும் என்கிறேன். படித்துத் தேறியவர் தன் தோழியிடம் சொல்வது, ஒரு துறைக்கு இவர்தான் என்று பெயர் வாங்குவது, அப்படி வருகிற வழி. அது மெதுவாகத்தான் வரும். வரும்வரை பழைய வேலையை விடாதீர்கள் என்று என்னிடம் கேட்கும் ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்.

ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கு இந்தத் தொழிலில் இன்னொரு தடை இருக்கிறது, அதை மறைத்துப் பேசக்கூடாது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா பாஸ்போர்ட் இருந்தால்தான் விண்ணப்பிக்கலாம் என்று சொன்ன தளங்கள் உண்டு. மற்ற தளங்களிலும் தாய்மொழியாகப் பேசுகிறவரை மட்டும் காட்டு என்று மாணவர் ஒரு பொத்தானை அழுத்தினால் நாம் பட்டியலிலேயே இருக்கமாட்டோம். உலகெங்கும் ஆங்கில ஆசிரியர்கள் சேர்ந்திருக்கும் டெசோல் அமைப்பு, இப்படிப் பிறப்பை வைத்து ஆசிரியர்களை ஒதுக்குவது தவறு என்று 2006 இலேயே அறிக்கை வெளியிட்டிருக்கிறது. கல்வி, பயிற்சி, கற்பிக்கும் திறன் இவற்றைப் பார்த்துத்தான் ஆசிரியரை எடைபோட வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. ஆனாலும் அந்தப் பொத்தான் இன்னும் இருக்கிறது, அதனால்தான் நம்மவர்கள் கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து வைக்கிறார்கள்.

அப்படிக் குறைத்துக்கொள்ளத் தேவையில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஸ்பானிஷ் பேசும் ஒரு மாணவரால் 'ஸ்கூல்' என்று தொடங்கவே முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் 'எஸ்கூல்' என்றே வந்தது. அதற்கு முன் இருந்த ஆசிரியர், சரியாக உச்சரித்துக் காட்டி, திரும்பச் சொல்லச் சொல்லியே பார்த்திருக்கிறார். நம்மில் எத்தனை பேர் சின்ன வயதில் 'இஸ்கூல்' என்று சொல்லி வளர்ந்தோம்! அந்தக் குட்டி உயிரெழுத்து எங்கே ஒட்டிக்கொள்கிறது என்று எனக்குத் தெரியும். முதலில் வெறும் 'ஸ்ஸ்ஸ்' என்று காற்றை மட்டும் நீளமாக விடச் சொன்னேன். தொண்டையில் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னேன், அதிரக்கூடாது. காற்றை நிறுத்தாமலே 'கூல்' என்று சேர்க்கச் சொன்னேன். முதலில் 'ஸ்ஸ்ஸ்ஸ்கூல்' என்று நீண்டு வந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். வகுப்பு முடியும்போது 'ஸ்டாப்', 'ஸ்பெயின்' எல்லாம் சுத்தமாக வந்தன. தன் நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் சரியாகச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஒரு மொழியைக் கஷ்டப்பட்டுக் கற்றவருக்குத்தான் எந்த இடத்தில் கால் இடறும் என்று தெரியும். அதற்குக் கட்டணம் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டாம்.

ஆனால் அதற்குப் பயிற்சி வேண்டும். ஆங்கிலம் தெரிந்திருப்பது வேறு, கற்றுக்கொடுக்கத் தெரிந்திருப்பது வேறு. ஆங்கிலம் கற்பிப்பதற்காகக் கேம்பிரிட்ஜ் நடத்தும் செல்டா சான்றிதழுக்குக் குறைந்தது 120 மணிநேரப் பயிற்சியும், அதற்குள்ளேயே உண்மையான மாணவர்களுக்கு முன்னால் 6 மணிநேரம் வகுப்பெடுத்துக் காட்டுவதும் கட்டாயம். நாம் எடுப்பதை ஒருவர் பின்னால் உட்கார்ந்து பார்த்து, எங்கே நாம் அதிகம் பேசினோம், மாணவருக்கு எங்கே வாய்ப்பே தரவில்லை என்று சொல்வார். அதுதான் பயன். 120 மணிநேரம் என்று அட்டையில் போட்டு, ஒரு மாணவரையும் பார்க்காமல் சில நாளில் கையில் கொடுக்கும் சான்றிதழ்களும் விற்கின்றன. எண் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்று என்று ஏமாறாதீர்கள். வேலை தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று யாராவது கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். வேலை கொடுக்கிறவர் நம்மிடம் பணம் கேட்கமாட்டார். இந்த எச்சரிக்கையை உங்கள் பத்திரிகை கட்டம் கட்டிப் போட்டிருந்தால் எத்தனையோ பேருக்கு உதவியிருக்கும்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி ஆசிரியர் எதற்கு என்றும் கேட்கிறார்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் என் மாணவர்கள் அனுப்பும் கடிதங்களில் பிழை குறைந்திருப்பது உண்மை. வெறும் இலக்கணத் திருத்தத்துக்கும் வெறும் அரட்டைக்கும் காசு தருகிறவர்கள் குறைவார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் தேர்வறைக்குள் அந்த உதவி நம்மோடு வராது. வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதியில் எதிரே இருக்கும் தேர்வாளர் ஒரு தலைப்பைக் கொடுத்து, யோசிக்க ஒரு நிமிடம் தந்து, பிறகு இரண்டு நிமிடம் வரை பேசு என்பார். அப்போது வாயடைத்துப் போகிறவருக்குத் துணையாக இருந்து பழக்க ஓர் ஆள் வேண்டும். பொதுவாக ஆங்கிலம் என்று நிற்காமல், ஒரு தேர்வோ ஒரு தொழிலோ எடுத்துக்கொண்டு அதில் ஆழமாகப் போகிறவர்கள் நிலைப்பார்கள்.

இதையெல்லாம் சொல்வது யாரையும் பயமுறுத்தித் திருப்பி அனுப்புவதற்காக இல்லை. எனக்கு இந்த வேலை மிகவும் பிடிக்கும். எங்கோ ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்துவிட்டது என்று ஒருவர் செய்தி அனுப்பும் நாளில் சாப்பாடுகூட மறந்துபோகும். அதனால்தான் இதில் வருகிறவர்கள் சரியான கணக்கோடு வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அடுத்த முறை இந்தத் தொழிலைப் பற்றி எழுதும்போது, இதில் இருக்கும் ஓர் ஆசிரியரின் ஒரு வார வரவையும் ஒரு வார நேரத்தையும் முழுதாக வாங்கிப் போடுங்கள். நடந்த வகுப்பு, கடைசி நேரத்தில் ரத்தான வகுப்பு, காசில்லாத சோதனை வகுப்பு, திருத்திய நேரம், தளத்தின் கழிவு, பணம் எடுத்த கட்டணம் எல்லாம் அதில் இருக்கட்டும். வேறு யாரும் தர முன்வரவில்லை என்றால் என்னுடைய கணக்கைத் தருகிறேன். வாராவாரம் எழுதிவைக்கும் பழக்கம் இருப்பதால் அடுத்த இதழுக்கே அனுப்ப முடியும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
இணையவழி ஆங்கில ஆசிரியை